பெயர் சொல்லாத பாலம்

கௌசிகா பாரிசுக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் அங்கே தனியாக இருந்த கணவன் விமலநாதன், உணவகச் சமையலறையைத் தவிர வேறொன்றையும் கண்டதில்லை என்றே தொலைபேசியில் சொல்லி வந்தான். ஞாயிறு மதியம் ஆற்றைக் காட்டவென்று அவளைப் படகில் ஏற்றினான். ஒலிபெருக்கி சொல்லுமுன்பே ஒவ்வொரு பாலத்தின் பெயரையும் சொன்னான். எந்தப் படிக்கட்டில் பின்னேர வெயில் விழும், எந்த வளைவில் காற்று குளிரும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. தனியாகத் திரிந்தவன் இவ்வளவையும் கவனித்திருக்க மாட்டான் என்று அவளுக்குப் பட்டது.

ஆற்றின் நடுவிலிருந்த தீவைச் சுற்றிப் படகு திரும்பிய இடத்தில் ஒரு சின்ன இரும்புப் பாலம் வந்தது. அவன் குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

“இது என்ன பாலம்?”

“தெரியேல்ல.”

பாலத்தில் நின்ற பெண்கள் படகைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒருத்தியையும் விடாமல் எல்லோருடைய முகத்தையும் கௌசிகா பார்த்தாள்.

கரையில் இறங்கியதும் சீட்டு விற்கும் ஜன்னலை நோக்கி நடந்தாள்.

“எங்க போறீர்?” என்றான் அவன்.

“இன்னொருக்கா ஏறுவம். இந்த முறை நான் ஆத்தைப் பாக்க மாட்டன். உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு வாறன்.”