முதல் குரல்

துன் நகரின் ராக் இசை வானொலிக்கு அன்று நாற்பது வயது. முதியோர் இல்லத்தில், தொண்டை அறுவைச் சிகிச்சையில் பேச்சை இழந்த ஒரு கிழவர் அதன் பிறந்தநாள் போட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட வானொலியில முதல் ஒலிச்சது ஆரின்ர குரல்?" என்று அறிவிப்பாளர் கேட்டதும், அவர் ஒரு பெயரை எழுதித் தாதி பிரசாந்தினியிடம் நீட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"எங்கட இல்லத்தில இருக்கிற ஐயாவுக்காகக் கதைக்கிறன். விடை, வால்டர் ஏபிஷர்."

"பிழை." அறிவிப்பாளர் சிரித்தார். "முதல் குரல் எங்கட இயக்குநரின்ர. அவரே எழுதின வரலாறு எங்கட இணையத்தளத்தில இருக்கு. ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ."

கிழவரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"பரவாயில்லை, ஆறுதல் பரிசா ஒரு தொப்பி அனுப்புறம். ஐயாவின்ர பெயரைச் சொல்லுங்கோ."

"வால்டர் ஏபிஷர்."

"அது பிழையெண்டு இப்பதானே சொன்னனான்."

"இது விடையில்லை," என்றாள் பிரசாந்தினி. "நீங்கள் பெயரைத்தானே கேட்டனீங்கள்."