நாலாவது துண்டு

"ஷூ பெட்டியில ஒரு குண்டூசி ஓட்டை, எதிர்ப் பக்கம் வெள்ளைத் தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னா, கிரகணம் தாள்ல வந்து விழும். அவ்வளவுதான் சூட்சுமம்," என்றார் அறிவியல் டீச்சர்.

ஏழாம் வகுப்பே பெட்டியும் கையுமாக இருந்தது. கடைசி பெஞ்சுக்காரி மட்டும் ஓர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எந்தக் குப்பையில பொறுக்கினே?"

"வீட்டுக் குப்பையிலதான் டீச்சர்."

நல்ல உதாரணம் தானாகவே வந்து சேர்ந்த உற்சாகத்தில் டீச்சர் அதை வாங்கித் தூக்கிக் காட்டினார். "இதுல சூரியனைப் பார்த்தா கண்ணு அவிஞ்சிடும். கறுப்பையே நம்ப முடியாது. நெஞ்சுக்கூட்டுல இந்த வெள்ளைப் புள்ளியைப் பாருங்க, வெளிச்சம் அப்படியே கொட்டுது. ஆபத்தே இங்கதான்."

யாருக்கும் ஆசை வரக்கூடாதென்று படத்தைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினார்.

"டீச்சர், அதைக் குடுங்க."

"ஏன், ஒத்தைக் கண்ணால பார்க்கப் போறியா?"

வகுப்பு சிரித்தது.

"சூரியனைப் பார்க்க இல்ல டீச்சர். அது எங்கம்மாவோடது. அம்மா நெஞ்சு நோவுல செத்ததும் அப்பா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாரு. எனக்கு இது ஒண்ணுதான் கிடைச்சுது."

டீச்சர் நாலு துண்டுகளையும் நீட்டினார். அவள் மூன்றை எடுத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ளைப் புள்ளி இருக்கிறது வேண்டாம் டீச்சர்."