துளை தங்காத சுவர்

சித்தூர் விவசாயி ஆறுச்சாமியிடம் இருந்த டிரில்லிங் மெஷின் கருங்கல்லையே துளைக்கும். பம்புசெட்டு அறையின் வேலைகளையெல்லாம் அதை வைத்து அவரே செய்திருந்தார்.

ஆற்றோடு போன மகன் பிரதீப்பின் உடல் கிடைக்கவே இல்லை. மூன்று வருடமாகிவிட்டது, இனி படத்தை மாட்டி மாலை போட்டுவிடு என்று பங்காளிகள் வற்புறுத்தினார்கள். கடைசியில் அவரும் சம்மதித்தார்.

"இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க" என்றாள் மனைவி மருதாத்தாள்.

"எத்தன நாளைக்குப் புள்ள பாக்கறது?"

கூடத்துச் சுவரில் துளை போட்டார். ஆணியை எடுத்துக்கொண்டு திரும்பினால் துளையைக் காணோம். தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு பழையபடி காய்ந்து வழவழவென்று இருந்தது. கீழே மட்டும் செங்கல் தூள் கிடந்தது. மறுபடியும் போட்டார். தூளை ஊதிவிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் சுவர் மூடிக்கொண்டது.

மெஷினில்தான் கோளாறோ என்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் போட்டுப் பார்த்தார். அங்கே துளை அப்படியே நின்றது. திரும்பி வந்து கூடத்தின் மற்ற சுவர்களிலும் போட்டார். தரையெல்லாம் தூளானதுதான் மிச்சம்.

"செவுரே வேண்டாங்குது. உடுங்க" என்றாள் மருதாத்தாள். படத்தில் வைத்திருந்த சந்தனப் பொட்டை முந்தானையால் துடைத்தாள்.

ஆறுச்சாமி ஒயரைச் சுற்றி மெஷினைப் பெட்டியில் வைத்தார். வாங்கி வந்த செவ்வந்தி மாலையைக் கொட்டகைக்கு எடுத்துப்போய், நூலை உருவிவிட்டு மாட்டின் முன் போட்டார். அது அவசரமில்லாமல் தின்றது. கடைசிப் பூ தீரும்வரை அவர் அங்கேயே நின்றார்.