வள்ளியூர் போனால் நடுங்கும் வண்டி

“ரெண்டு கையையும் நீட்டு, பாப்பம்.”

வக்கீல் கோலப்ப பிள்ளை சொன்னதும் டிரைவர் ராஜையன் கைகளை நீட்டினான். கார் கொட்டகை வாசலில், காலை வெயிலில், அவன் விரல்கள் லேசாக நடுங்கின.

“பாத்தியாலே? நடுங்குதது ஸ்டியரிங் இல்லே, நீதான். கள்ளு குடிச்சிருக்கே.”

நடுக்கம் கோபத்தில் வந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கள்ளுக்கடை இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் ராஜையன். “கர்த்தர் சாட்சியா குடிக்கல்லே ஐயா” என்று மட்டும் சொன்னான்.

எல்லாம் அந்தப் புதுச் சக்கரங்கள் கொண்டுவந்த வினை. வக்கீலின் மோரிஸ் காரில் பழைய சக்கரங்கள் நெளிந்துபோயின. தலைநகரான திருவனந்தபுரத்திலிருந்து புதிய சக்கரங்களும் டயர்களும் வரவழைத்து மாட்டினார்கள். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் கோர்ட்டுக்கு வக்கீல் போகும்போது வண்டியில் ஒரு குலுக்கமும் இல்லை.

வக்கீலின் மனைவி சண்முகவடிவு அம்மாளுக்குப் பிறந்த ஊர் ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர். அங்கே அவளுடைய அண்ணன் லாரி வைத்து ஓட்டுகிறவர். தாயார் படுக்கையில் கிடந்ததால் அம்மாள் சனிக்கிழமை தவறாமல் போய்வந்தாள். ராஜையன் அவளைக் கொண்டு விட்டு, வண்டியை அந்த வீட்டிலேயே நிறுத்திவிட்டு, ஞாயிறு ஆராதனைக்காகத் தன் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான். அன்றைக்குச் சாயங்காலமே போய் அழைத்து வருவான். அப்போதெல்லாம் டிரைவர் சீட்டு முன்னுக்குத் தள்ளிக் கிடந்து அவன் முழங்காலை இடிக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளை மனசுக்குள் வைதுகொண்டே பின்னால் தள்ளிக்கொள்வான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும் அம்மாள் கணவரிடம் சொன்னாள்: “புதுச் சக்கரம் சரியில்லே. ஸ்டியரிங் கெடந்து நடுங்குது. சரியாக்காம ஓட்டப்பிடாது.”

ராஜையன் திகைத்துப்போனான். அவன் கைக்கு எந்த நடுக்கமும் தெரியவில்லை. இருந்தாலும் வடசேரி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனான். மெக்கானிக் மரியஜான் நட்டுகளை முறுக்கிப் பார்த்தார், காற்றை அளந்தார், ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைச் சுழற்றினார். “ஆடாத வண்டியை என்ன செய்யச் சொல்லுதே மக்கா?” என்று திருப்பி அனுப்பினார். அடுத்த வாரமும் அம்மாள் வள்ளியூர் போய் வந்து, இன்னும் நடுங்குகிறது என்றாள். மறுபடியும் ஒர்க்‌ஷாப், மறுபடியும் அதே பதில்.

அதற்குத்தான் இன்றைக்கு இந்தக் கைப் பரிசோதனை.

“நான் ஏறினா ஆடல்லே, அவ ஏறினா ஆடுது” என்றார் வக்கீல். “அப்பம் கோளாறு வண்டியிலயா, ஓட்டுதவன்கிட்டயா? இன்னைக்குக் கண்டுபிடிச்சிட்டு வா. இல்லேன்னா சாவியை வச்சிட்டு ஊரைப் பாத்துப் போ.”

குடிகாரன் என்று பெயர் வாங்கிப் போனால் அப்புறம் எந்த வீட்டில் கார்ச் சாவியை நம்பிக் கொடுப்பார்கள்? ராஜையன் வாய்க்குள்ளேயே பொருமிக்கொண்டு வடசேரி போய்ச் சேர்ந்தான்.

“எத்தனை மைல் வேகத்திலே ஆடுதுன்னு கேட்டியா?” என்றார் மரியஜான்.

“என்ன வேகம் அண்ணே? முப்பதுக்கு மேல போவப்பிடாதுன்னு ஐயா உத்தரவு. முள்ளு முப்பதைத் தொட்டா பின்னால இருந்து தோளிலே தட்டுவாரு.”

மரியஜான் மறுபேச்சில்லாமல் தானே ஏறி உட்கார்ந்தார். தோவாளை தாண்டி ஆளில்லாத நேர்ரோட்டில் மிதித்தார். முப்பதில் ஒன்றுமில்லை. ஐம்பதில் போகும்போது ஸ்டியரிங் படபடவென்று அடித்தது. ராஜையன் எட்டித் தொட்டுப் பார்த்தான். நடுக்கம் அவன் முழங்கை வரை ஏறியது.

“சக்கரத்திலே ஒரு பக்கம் கனம் கூடுதலா இருக்கு” என்றார் மரியஜான். “மெள்ளப் போனா தெரியாது. வேகத்திலேதான் காட்டிக்குடுக்கும்.”

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, கனத்தைச் சமப்படுத்தச் சக்கர விளிம்பில் ஈயத்துண்டுகளைப் பொருத்தினார். மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது ஐம்பதிலும் ஸ்டியரிங் அசையவில்லை.

பழி நீங்கியது என்று ராஜையன் சீட்டியடித்துக்கொண்டே பூதப்பாண்டி வந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். கேட்கக் கேட்க வக்கீலின் முகம் கறுத்தது.

“அப்பம் அம்பது மைல்லே போயிருக்கே. அவளைப் பின்னால வச்சுக்கிட்டு.”

தான் கொண்டுவந்த நல்ல சேதியே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று ராஜையன் நினைக்கவில்லை. “முப்பதுக்கு மேல நான் போனதே இல்லே ஐயா.”

“பின்னே நடுக்கம் அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

அவனுக்கே அது விளங்கவில்லை.

“குடிக்கவும் செய்வே, பறக்கவும் செய்வே, கேட்டா பொய்யும் சொல்லுவே. சாவியை வை.”

ராஜையன் சாவியை மேஜைமேல் வைத்தான். படியிறங்கத் திரும்பியபோது சண்முகவடிவு அம்மாள் உள்ளேயிருந்து வந்து வழியில் நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. ராஜையனைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

“அவன் மேல ஒரு குத்தமும் இல்லே” என்றாள்.

“அம்பது மைல் வேகம் போனாத்தானே ஆடுமாம்?”

அம்மாள் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நான் ஓட்டும்போ நாப்பத்தஞ்சுலயே ஆடிச்சு.”