முதுகில் வந்த பதில்

கடற்கரை, கிரிக்கெட், விருந்து என்று ஓடிய, பட்டமளிப்புக்கு முந்திய வாரத்தின் கடைசிப் பயணம் இது. நடு வாவியில் தோணி ஆடுகிறது. வெயில் தண்ணீரில் உடைந்து, நண்பர்கள் கையெழுத்திட்ட டினுஷாவின் வெள்ளைச் சட்டையில் நெளிகிறது. "அடியே, நேற்று உன்ட முதுகில அன்ரோ எழுதி வச்சிருக்கான், 'எங்கட வீட்ட எப்ப வாறாய்?'" என்று கம்சாயினி உரக்க வாசிக்கிறாள். துடுப்புப் போடும் அன்ரோ தலைகுனிகிறான். மூன்று வருடமாக இருவரும் வீட்டுக்கு ஒளித்த காதல். "கீழ சிவப்புப் பேனையில பதிலும் கிடக்குடி! 'தம்பி, இங்க மாப்பிள்ளைதான் பொம்பிளைட வீட்டுக்கு வாறது. ஞாயிறு அம்மா அப்பாவோட வாங்க. டினுஷாட அம்மா.'" டினுஷா கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தடவிப் பார்க்கிறாள். காலையில் இந்தச் சட்டையை அயன் பண்ணித் தந்தபோது, "இன்டைக்கும் பயணமா?" என்று மட்டுந்தானே அம்மா கேட்டார்! அன்ரோவின் துடுப்பு கைநழுவி மிதந்து போகிறது. அதைப் பிடிக்க ஒருவர் கையும் நீளவில்லை.