நிறமில்லாத ஏழு சில்லுகள்

“என்னம்மா இது? இவ்வளவு கலர் கண்ணாடிக்கு நடுவுல அழுக்குப் பிடிச்ச ஏழு சில்லு?” பட்டறைக்குள் நுழைந்ததுமே சிடுசிடுத்தார் நகரமன்றத் தலைவர்.

ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்களின் நினைவாக, நகரமன்றத்தில் பதிக்கப்போகும் வண்ண ஜன்னல் அது. அடுத்த வாரம் திறப்பு விழா.

இந்தக் கேள்வி வரும் என்று கண்ணாடிக்காரிக்குத் தெரியும். கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையை அழுத்திக்கொண்டே, “அதை மாத்த முடியாது சார்” என்றாள்.

“ஏன், கண்ணாடி தீர்ந்துபோச்சா?”

“ரெண்டு பெட்டி இருக்கு.”

“அப்புறமென்ன? உடைஞ்ச ஜன்னலை வச்சிருக்காங்கன்னு ஊரே சிரிக்கும்.”

“உடைஞ்ச ஜன்னல்தான் சார். உங்க மன்றத்தோடது. ஓட்டுரிமை கேட்டு எழுதின பதினாலு மனுவும் குப்பைக்குப் போச்சு. பதினஞ்சாவது தடவை, இதோ இந்தப் படத்துல நடுவுல நிக்கிற டீச்சரம்மா மன்றத்து ஜன்னல் மேல கல்லெடுத்து அடிச்சாங்க. மூணு மாசம் ஜெயில். சாட்சிக்குன்னு கோர்ட்டுல பெட்டியில போட்டு வச்ச சில்லுங்க இது.”

தலைவர் குனிந்து சில்லுகளைப் பார்த்தார். “ஆனாலும் விழாவுக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க. வேற கண்ணாடி போட்டா...” என்று இழுத்தார்.

கண்ணாடிக்காரி மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

“அந்தக் கோர்ட்டுப் பெட்டியில கல்லும் இருந்தது சார். எடுக்கட்டுமா?”