கதிரவேலரின் வருத்தம் வெளியே போன வழி

கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒருவருக்கு நோய் வருத்தம் என்று தெரிந்தால், அவர் தோட்டத்துக் கத்தரிக்காய்க்கும் வருத்தம்தான். சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள். கதிரவேலருக்கு இது நன்றாகத் தெரியும். போன மாதம் அடுத்த ஒழுங்கைக்காரரின் பூசணிக்காயைப் பற்றி அப்படிக் கதை பரப்பியவரே அவர்தான்.

இப்போது அவருடைய முறை. கத்தரிக்காயோ பிடுங்கும் பருவம்.

பரிசோதனை முடிவைச் சொல்ல வந்த சுகாதாரப் பரிசோதகர் கஜீபன் மோட்டார் சைக்கிளைச் சந்தியிலேயே விட்டுவிட்டு, நாற்று வாங்க வந்தவன்போல நடந்து வந்து, வாசல் படலைக்கு வெளியே நின்று மெதுவாகச் சொன்னான்.

"வீட்டோடை இருங்கோ ஐயா. ஒருத்தருக்கும் தெரியவராது. அதுக்கு நான் பொறுப்பு."

மறுநாள் விடியவே கனடாவிலிருந்து தங்கை நாகேஸ்வரி அழைத்தாள்.

"அண்ணை, மூச்சு விடக் கஷ்டமோ?"

அடுத்தது திருநெல்வேலிச் சந்தை வியாபாரி.

"கத்தரிக்காய் இந்தமுறை வேண்டாம் ஐயா. குறை நினையாதேங்கோ."

கதிரவேலர் துப்பறியத் தொடங்கினார். மனைவி குணலட்சுமியின் கைத்தொலைபேசியை முடிவு தெரிந்த அன்றே முதல் வேலையாகப் பறித்து அலுமாரிக்குள் பூட்டியாயிற்று. மிச்சம் ஒரேயொருவன்.

"உவன்தான். கனடாவரைக்கும் ஆள் வைச்சிருக்கிறான்."

"பாவமப்பா, அந்தப் பெடியன்" என்றாள் குணலட்சுமி.

அன்றைக்கே கஜீபன் சுகம் விசாரிக்க வந்தபோது கதிரவேலர் முகக்கவசத்துக்குள்ளால் சீறினார்.

"வழக்குப் போட்டுக் கோட்டுக்கு ஏத்துவன் தம்பி. நோயாளியின்ரை விசயத்தை ஊரெல்லாம் அவிழ்த்துவிட்டிட்டு, இஞ்சை வந்து நாற்று வாங்கிற மாதிரி நிக்கிறீர்."

கஜீபன் கோபிக்கவில்லை.

"ஐயா, உண்மையாவே நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"ஒரு மனிசருக்கும் சொல்லேல்லை. கடவுளுக்கு மட்டும் சொன்னனான். குருக்களுக்குப் போன் எடுத்து, பேர், நட்சத்திரம், வருத்தம் எல்லாம் சொல்லி ஒரு அர்ச்சனை. அதுவும் குற்றமோ?"

"அப்ப குருக்கள் மனிசர் இல்லையோ?" உள்ளேயிருந்து குணலட்சுமி கேட்டாள்.

"நீர் சும்மா இரும். அவர் கடவுளோடை மட்டும் கதைக்கிற ஆள்."

கஜீபன் தன் கைத்தொலைபேசியைத் திறந்து, எட்ட நின்றபடியே கையை நீட்டிக் காட்டினான்: கோயில் பூட்டியிருப்பதால் வெளிநாட்டு அடியார்களுக்காக நேரலையில் போன முந்தின நாள் மாலைப் பூசையில், குருக்கள் கதிரவேலரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கொரோனாவையும், சமஸ்கிருதத்தில் ஒருமுறையும் விளங்காதவர்களுக்காகத் தமிழில் ஒருமுறையுமாக, கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார்.